மூணாவது தரம்

பழைய சாமான் ஏலக்கடையில் அவருக்கு ‘மூணுதரம்’ என்றுதான் பெயர். கட்டிலோ, கால் ஒடிந்த நாற்காலியோ, மேடையில் நின்று ‘ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்’ என்று சுத்தியலைத் தட்டினால் பொருள் கைமாறிவிடும். அந்த மூன்றாவதை மேடையைத் தவிர வேறெங்கும் சொல்ல மாட்டார். வீட்டில் மனைவியைக்கூட இரண்டு தரம்தான் கூப்பிடுவார். பதில் வராவிட்டால் தானே எழுந்துபோய்த் தண்ணீர் குடிப்பார்.

“மூணாவது சொன்னா முடிஞ்சுது. அப்புறம் அது நம்ம பொருள் இல்ல” என்பார். நல்ல கொள்கைதான், அலமாரிக்கு.

படியேறும்போது மூச்சு வாங்கி, கண் இருட்டிக்கொண்டு வரவே டாக்டரம்மாவிடம் போனார். இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வழியில் சதை தடித்திருக்கிறதாம். வேகமாகத் துடித்தால் வழி இன்னும் குறுகும். நிதானமாகத் துடித்தால் இதயம் நன்றாக நிரம்பும், வழியும் திறந்திருக்கும்.

“துடிப்பை மெதுவாக்கத்தான் இந்த மாத்திரை. தினம் மூணு தரம். நீங்களா நிறுத்திடாதீங்க, ஆபத்து.”

மனுஷருக்கு முகம் சுண்டிவிட்டது. ‘மூணு வேளை’ என்று டாக்டரம்மா சொல்லியிருந்தால் வம்பே இல்லை. காலையிலும் மதியமும் ஒழுங்காக விழுங்குவார். ராத்திரி மாத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, “ஆச்சு, ஆச்சு” என்பார். இந்தக் கதையைக் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

ஒருநாள் காலை, இரும்பு அலமாரிக்குப் போட்டி சூடு பிடித்தது. “ரெண்டு தரம்” என்றவர் அப்படியே சரிந்தார். சுத்தியல் விழுந்த சத்தத்தைக் கேட்டு, “அலமாரி எனக்குத்தானே?” என்றாராம் ஒருவர்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவர் சட்டையைக் கழற்றி, பையில் கிடந்த மாத்திரைகளை மனைவியின் கையில் கொட்டினாள். அவள் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். அவர் பிழைத்துக்கொள்வார் என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் அவளுக்குக் கோபமே வந்தது.

வீடு திரும்பிய அன்று, ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் மாத்திரையும் தம்ளருமாக அவர் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“ஒரு தரம்.”

அவர் சிரித்தார்.

“ரெண்டு தரம்.”

“ஏய், வேண்டாம். விளையாடாதே.”

“மூணு தரம்!” தம்ளரைத் தரையில் தட்டினாள். “வேற யாரும் கேக்கல, எனக்கே முடிஞ்சுது. இனிமே நீங்க என் பொருள். கீழ போட்டு உடைக்க உங்களுக்கு உரிமை கிடையாது. வாயைத் திறங்க.”

திறந்தார்.