நாலாவது வயர்

நம்பறவங்க நம்புங்க, மத்தவங்க சிரிச்சுட்டுப் போங்க. போன வருஷம் ஜூன் மாசம், ஒரு ஞாயித்துக்கிழமை, பட்டப்பகல்ல தேனாம்பேட்டையில நடந்தது இது. உபைத்தோட வலது மணிக்கட்டுல அந்தத் தழும்பு இன்னும் கீது. கேட்டா காட்டுவான்.

உபைத்தும் பிரபாகரும் ஆபீஸ்களுக்கு நெட்வொர்க் வேலை பாக்கற கூட்டாளிங்க. கையில இருந்த ஒரே பெரிய இடம் ஒரு மருந்து கம்பெனி. ரெண்டாவது மாடியில சர்வர். அதுலேர்ந்து நாலு வயர், சுவத்து ஓட்டை வழியா தண்ணிக் குழாய்ங்க போற, ஆள் நுழையற அளவு ஷாஃப்ட்டுல இறங்கி முதல் மாடி நெட்வொர்க் சுவிட்சுக்குப் போகுது. டேட்டாவை நாலு வயர்லயும் சமமா பிரிச்சு அனுப்பற ஏற்பாடு. ஆனா நாலு பில் போட்டா ஒண்ணு காணாமப் போயிடும். அன்னிக்கே சரி பண்ணலைன்னா காண்ட்ராக்ட் கட். அது போச்சுன்னா கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

மேனேஜர் கணேசமூர்த்தி சரியான சிடுமூஞ்சி. முன்னாடி இதே வயர் வேலை பாத்த சுயம்புலிங்கம் வேலையைப் பாதியில போட்டுட்டு ஓடிட்டானாம், அதனால இனிமே யாரையும் நம்ப மாட்டாராம். சரியா 1.40க்கு உபைத்தை சர்வர் ரூம்ல விட்டு வெளியில பூட்டினார்.

"முடிச்சுட்டுக் கதவைத் தட்டு."

எந்த வயர் எதுன்னு பாக்க இவங்களுக்கு ஒரு பழக்கம். மேல இருக்கறவன் ரெண்டு தடவை இழுப்பான். கீழ இருக்கறவன் திருப்பி ரெண்டு இழுப்பான். உபைத் முதல் வயரை இழுத்தான். டக்... டக். கீழ முதல் மாடியிலேர்ந்து பிரபாகர் பதில் இழுத்தான். ரெண்டாவது சரி. மூணாவதும் சரி.

2.05. நாலாவதை இழுத்தான். உடனே பதில் வந்தது. கொஞ்சம் கோவமா வந்த மாதிரி இருந்தது.

"நாலும் ஓகே மச்சி"ன்னு போன்ல சொன்னான்.

"நாலாவது ஏதுடா? இங்க மூணுதான் கீது."

விளையாடாதேன்னு உபைத் திட்டினான். பிரபாகர் அம்மா மேல சத்தியம் பண்ணான். உபைத் திரும்பி சர்வரைப் பாத்தான். நாலாவது விளக்கு எரியுது. எதிர்முனை எதுலயும் மாட்டாத வயர்ல விளக்கு எரியாது.

2.11. செட்டிங்ஸ்ல நாலாவதை மட்டும் நீக்கினான். ஆனா மத்த மூணு விளக்கும் அணைஞ்சது. நாலாவது மட்டும் படபடன்னு துடிச்சது. மொத்த டேட்டாவும் அதுக்குள்ளதான் இறங்குது.

அந்த வயரையே மேல உருவிடலாம்னு முடிவு பண்ணான். பிடி நழுவக் கூடாதுன்னு வயரை வலது மணிக்கட்டுல ரெண்டு சுத்து சுத்திக்கிட்டான். வயர் இழுக்கறவங்க எல்லாரும் செய்யறதுதான்.

2.17. இழுத்தான்.

டக்... டக்...

அதுக்கப்புறம் அது விடவே இல்லை.

ஓட்டைக்குள்ள விரல் போச்சு. மணிக்கட்டு போச்சு. முழங்கை வரைக்கும்... உள்ள சில்லுன்னு இருந்தது. காலால கதவை உதைச்சான்.

வெளியிலேர்ந்து கணேசமூர்த்தி நிதானமா கேட்டார். "முடிஞ்சுதா?"

இடது கையில கட்டர் கிடைச்சது. வெட்டினான்.

சர்ர்ர்ர்ர்...

வயர் கீழ போச்சு. ரொம்ப நேரம் போய்க்கினே இருந்தது.

சர்வர்ல மிச்சமிருந்தது ஒரு துண்டு வயர்தான். அப்பவும் நாலாவது விளக்கு எரிஞ்சுகினே இருந்தது.

பிரபாகர் மேல ஓடிவந்து சண்டை போட்டுத்தான் கதவைத் திறக்க வெச்சான். காண்ட்ராக்ட் போச்சு, கடையும் போச்சு. உபைத்தும் பாதியில ஓடிட்டான்னு கணேசமூர்த்தி ஊரெல்லாம் சொன்னார்.

மூணு மாசம் கழிச்சு, தண்ணி கசியுதுன்னு பிளம்பருங்க அந்த ஷாஃப்ட்டோட கீழ்வாசலை உடைச்சாங்க. அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, எலி செத்த நாத்தம்னு கணேசமூர்த்திதான் அதைச் செங்கல் வெச்சு அடைக்கச் சொன்னாராம்.

சுயம்புலிங்கம் எங்கேயும் ஓடல. உள்ளதான் கிடந்தான். வலது மணிக்கட்டு எலும்புல நாலாவது வயர், ரெண்டு சுத்து.