திருப்பதி மொட்டை

எங்கள் தெருவில் டில்லி என்றால் வெளிநாடு கணக்குதான். எட்டாவதோடு நின்றுபோன நான் கரோல் பாக்கில் ரேடியோ, டிவி ரிப்பேர் படிக்கப் போனதை அம்மா ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தாள். "எங்க சின்னவன் வெளிநாட்டுலல்லா படிக்கான். அங்க சோறே கிடையாதாம், ரொட்டிதானாம்."

சோறு கிடைத்தது. ஒரு பஞ்சாபிக் குடும்பத்தின் மாடி அறையில் குடியிருந்தேன். ஸ்டவ்வில் நானே பொங்கிக்கொள்வேன். வீட்டுக்கார ஆண்ட்டி படியில் நின்று என் சோற்றைக் கேலி செய்வாள். "ஏ மதராஸி, இன்னைக்கும் சாவல்தானா?" அவள் பேசியதெல்லாம் இந்தி. எனக்கு விளங்கிய மாதிரி எழுதுகிறேன். எனக்கு வந்த இந்தி பஸ்ஸில் டிக்கெட் கேட்க, கடையில் விலை கேட்க, வகுப்பில் சால்டர் கம்பி கேட்க. அதற்கு மேல் இல்லை.

அம்மா சீரியஸ் என்று தந்தி வந்தது. ஆண்ட்டியிடம் ஊருக்குப் போகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு ரயில் ஏறினேன். நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அப்பாவுக்கு மூத்தவன், அம்மாவுக்குக் கடைசிப் பையன் கொள்ளி வைப்பது எங்கள் வழக்கம். எனக்காகக் காத்திருந்து பார்த்துவிட்டு அண்ணனே வைத்துவிட்டான். "ஐஸ் வாங்கி வச்சும் தாங்கலடா" என்றான். காரியத்தன்று எனக்கும் மொட்டை போட்டார்கள். அம்மாவுக்கு நான் செய்தது அது ஒன்றுதான்.

திரும்பி வந்தபோது டில்லியில் நல்ல குளிர். வகுப்பில் குல்லாவைக் கழற்றியதும் மாஸ்டர் இரண்டு கையையும் கூப்பினார். "அரே! திருப்பதியா?" எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தன் என் தலையைத் தடவிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். நான் தலையாட்டிவிட்டேன். அம்மா செத்துப்போனாள் என்று சொல்லுமளவுக்கு எனக்கு இந்தி தெரியும். சொன்னால் அடுத்து என்ன கேட்பார்களோ, அதற்குப் பதில் சொல்ல வார்த்தை வருமோ வராதோ என்று பயம்.

ஆண்ட்டியும் அதையேதான் கேட்டாள். "லட்டு எங்கடா?"

"ரயில்லயே தீந்துபோச்சு ஆண்ட்டி."

"சாப்பாட்டு ராமா! எல்லாத்தையும் நீயே தின்னுட்டியா?"

அதற்குப் பிறகு யாரிடமும் சொல்ல முடியாமல் ஆகிவிட்டது. பஸ் நம்பர்கள் பழகின. குளிர் பழகியது. ஒரு நாள், பாடாமல் கிடந்த டிரான்சிஸ்டர் ஒன்று என் கையில் பாடிவிட்டது. ஊருக்குப் போனதும் அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நினைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. குல்லாவை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு அழுதேன். இந்த ஊரில் ஒரே ஒரு ஆளுக்காவது அம்மா போனது தெரிந்தால் போதும் என்று இருந்தது.

ஆண்ட்டி மகளுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. காலையிலேயே கீழே கூப்பிட்டாள். சிவப்புத் துணி மூடிய சீர்த்தட்டை என்னிடம் நீட்டினாள். "நீ பாலாஜியைப் பார்த்துட்டு வந்த பிள்ளை. முதல் தட்டு நீதான் எடுக்கணும். ஜல்தி, ஜல்தி."

வருஷம் திரும்பும்வரை கல்யாண வீட்டு வாசலில்கூட நாங்கள் நிற்க மாட்டோம். நான் தொட்டு அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? கை போகவில்லை.

"என்னடா, கனமா இருக்கா?"

"மா மர் கயி" என்றேன், அம்மா செத்துப்போனாள் என்று.

"யாரோட மா?"

"என்னோட." குல்லாவைக் கழற்றித் தலையைக் காட்டினேன். "இது திருப்பதி இல்ல ஆண்ட்டி."

தட்டோடு அப்படியே நின்றாள். "அப்போ ஊருக்குப் போனியே, அதுக்கா?" தலையாட்டினேன். "உங்கிட்டப் போய் லட்டு கேட்டேனேடா, கழுதை!" என்று என் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு தட்டைத் தன் அண்ணன் மகனிடம் கொடுத்துவிட்டாள். நான் மாடிக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். நல்ல நாளில் போய் இதைச் சொல்லித் தொலைத்தேனே என்று இருந்தது. கீழே டோலக் சத்தம்.

மத்தியானம் ஆண்ட்டி பட்டுத் துப்பட்டாவோடு மூச்சு வாங்க மேலே வந்தாள். கையில் சோறும் ராஜ்மாவும். என் டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்தாள்.

"உங்க அம்மா பேர் என்ன?"

சொன்னேன். அவள் வாயில் நுழையவில்லை. தப்பாகச் சொன்னாள். கீழேயிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "வர்றேன், இருங்க" என்று கத்திவிட்டு, "இன்னொரு தடவை சொல்லு" என்றாள்.

பேரைச் சொல்ல வாயைத் திறந்தேன். "நான் கொள்ளி வைக்கல ஆண்ட்டி. நாந்தான் வச்சிருக்கணும். ரயிலு லேட்டு ஆண்ட்டி" என்று தமிழில் வந்துவிட்டது. வந்தது நிற்கவில்லை. ஐஸ் கட்டி, அண்ணன், அம்மா, எல்லாம் தமிழிலேயே வந்தது. ஒரு வார்த்தைகூடப் புரியாமல் அவள் "அச்சா, அச்சா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கீழே அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.