அம்மா சறுக்கிய படம்

மாமா கமராவைத் தூக்கினால் மணப்பெண் மூச்சு விடவே பயப்படுவாள். லண்டனில் கலியாணமோ, பெண்பிள்ளை வயசுக்கு வந்ததைக் கொண்டாடும் சாமத்திய வீடோ, "அசையாதேங்கோ, நாடியைக் கொஞ்சம் தூக்குங்கோ" என்ற அவருடைய குரல்தான் ஐயரின் மந்திரத்தையும் மீறிக் கேட்கும். அப்படிப்பட்டவர் வீட்டுக்கு வந்தால் மட்டும், ஓடுகிறதைப் பிடிக்கிறவன்தான் கமராக்காரன் என்று எங்களிடம் அளப்பார். இங்கே வருமுன் அவர் சுவிஸில், பனிச்சறுக்கு வண்டிகள் பாயும் பாதைக்குப் பக்கத்து ஹோட்டலில் கோப்பை கழுவியவர். ஓய்வு கிடைத்த போதெல்லாம் கமராவோடு அந்தப் பாதையோரம் நின்றாராம். நான் துளியும் நம்பவில்லை.

2009 பெப்ரவரியில் லண்டனில் நாங்கள் இருந்த நோர்பரி முழுவதும் பனி கொட்டியது. பள்ளிக்கூடம் பூட்டு, பஸ் ஓடவில்லை, அம்மாவாலும் வேலைக்குப் போக முடியவில்லை. அந்த நாட்களில் எங்கள் வீட்டில் யாரும் உரத்துப் பேசுவதில்லை. அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, இலங்கையில், வன்னியில் சண்டைக்குள் அகப்பட்டிருந்தார். அவர் எப்போது அழைப்பாரோ என்று அம்மா போனைக் குளியலறைக்குக்கூடக் கொண்டுபோவார். மாமா எங்களைப் பார்க்குக்கு இழுத்துப் போனபோதும் அது அம்மாவின் கோட்டுப் பையில் வந்தது.

என் சறுக்கு வண்டி அரிசிப் பெட்டியின் பிளாஸ்டிக் மூடி. மாமா சரிவின் நடுவில் முழங்காலிட்டார்.

"வேகத்தை நிப்பாட்டப் பாக்கக் கூடாது. அதோட சேந்து நாங்களும் திரும்ப வேணும். அப்பத்தான் முகம் தெளிவா வரும், மற்றதெல்லாம் கரைஞ்சு போகும்" என்றார்.

கரைந்தது நான்தான். ஒரு படத்தில் என் சப்பாத்து மட்டும் இருந்தது, இன்னொன்றில் தலை இல்லை. பழக்கதோஷத்தில் அவர் "நாடியைத் தூக்கு" என்று கத்த, நானும் தூக்கி, மல்லாக்க விழுந்தேன். பறக்கிற மாதிரி ஒரு படம் கிடைத்தால் போதும், வகுப்பில் காட்டி எல்லோரையும் வயிறெரிய வைத்துவிடலாம் என்பது என் திட்டம். அதற்குள் குளிரில் பற்றரி படுத்துவிட்டது. மாமா அதைக் கழற்றிக் கமக்கட்டுக்குள் வைத்துச் சூடாக்கினார். இன்னும் ஓரிரண்டு படங்களுக்குத்தான் தாங்கும் என்றார்.

நான் மூடியில் ஏறப் போனேன். மாமா மேலே பார்த்தார். அம்மா கோட்டுப் பைக்குள் கையை விட்டபடி தனியே நின்றுகொண்டிருந்தார்.

"அக்கா, நீங்கள் ஒருக்கா இருங்கோவன்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மா மாட்டேன் என்று தலையாட்டிவிட்டு, என்ன நினைத்தாரோ, போனை என் கையில் தந்தார். "அடிச்சால் உடனே கூப்பிடு."

பனி இன்னும் பெய்துகொண்டிருந்தது. மரங்களும் வேலியும் பிள்ளைகளும் வெள்ளைக்குள் மிதந்தார்கள், உலகத்தையே யாரோ பஞ்சில் பொதிந்து வைத்தது போல. அதற்குள் அம்மா மெல்ல நழுவி, பின் வேகமெடுத்து, கத்திக்கொண்டே போனார். அந்தச் சரிவில் எல்லோரும் கத்தித்தான் இறங்கினார்கள், ஆகவே யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மூடி நின்ற பிறகும் அந்தக் குரல் நிற்கவில்லை. அம்மா மேலே ஏறி வந்தார், "இன்னொருக்கா போறன்" என்றார். பிறகு இன்னொருக்கா. அவர் விளையாடி நான் பார்த்ததேயில்லை. சந்தோஷம் தாங்காமல் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு துள்ளினேன். அது அடிக்கவேயில்லை.

மாமாவின் கமரா ஒரேயொரு படத்தோடு செத்துப்போனது. உயிர் போகுமுன் அந்தச் சின்னத் திரையில் பார்த்தோம். மரமெல்லாம் வெள்ளைக் கோடுகளாகக் கரைந்திருக்க, அம்மாவின் முகம் மட்டும் இமைமயிர் எண்ணலாம் போல நின்றது. என் கோபமெல்லாம் பறந்துவிட்டது. "அம்மா சிரிக்கிறா!" என்று கூவினேன். மாமா திரையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு, "ஓம், சிரிக்கிறா" என்றார்.

சின்னம்மாவின் அழைப்பு அதன் பிறகும் வரவில்லை. அந்தப் படத்தை மாமா யாருக்கும் காட்டவுமில்லை. பெரியவளாகி, நச்சரித்து, போன வருடம்தான் வாங்கினேன். மாமா அளக்கவில்லை, முகம் அவ்வளவு தெளிவாக இருக்கிறது. அவ்வளவு தெளிவாக அழுகிற முகத்தில்தான் நான் அன்றைக்குச் சிரிப்பைப் பார்த்திருக்கிறேன்.