அண்ணன் ஒதுக்கி வைத்த செயின்

அண்ணன் இல்லாமல் ஓர் ஆண்டு போய்விட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தங்கையின் வணக்கம். எனக்கு நயமாகப் பேச வராது, உங்களுக்கே தெரியும். எழுதவும் வராது. ஆனாலும் இதை நான்தான் எழுத வேண்டும்.

கெலமங்கலம் பக்கத்தில் ஒரு கூலிக்காரர் வீட்டில் தலைப்பிள்ளையாகப் பிறந்தார் அண்ணன். அப்பா சீக்கிரம் தவறிவிட்டதால், பத்தாவதோடு நின்று ஓசூரில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலைக்குச் சேர்ந்தார். என்னைப் படிக்க வைத்துக் கட்டிக் கொடுத்தார். கம்பெனியில் ஆட்களைக் குறைத்தபோது அவர் வேலை முதலில் போனது. பிறகு பழைய ஜீப்பும் டிரெய்லரும் வாங்கி, ரோட்டில் நின்றுபோன கார்களை ஏற்றி இழுத்து வரும் தொழிலில் இறங்கினார்.

ஜீப்பின் கொக்கி கழன்றாலும் டிரெய்லர் தனியே ஓடிவிடாமல் பிடிக்க, இரண்டு செயின்களைக் குறுக்காக மாட்ட வேண்டும். அந்தச் செயினுக்காக அண்ணன் கடை கடையாக ஏறி இறங்குவார். “செயினு மொத்தமா இருக்குன்னு ஏமாறாத பாப்பா. எவ்ளோ பாரம் தாங்கும்னு வளையத்துல அடிச்சிருக்கானா பாரு. திரும்பும்போது நீளம் பத்தணும், ஆனா ரோட்டுல தேயக் கூடாது” என்பார். வண்டி எடுக்கும் முன் ஒவ்வொரு வளையத்தையும் விரலால் உருட்டிப் பார்ப்பார். “இந்த உருட்டு சாமி முன்னாடி ஜெபமாலைய உருட்டியிருந்தா எங்கியோ போயிருப்போம்” என்று அண்ணி கிண்டல் செய்வார்.

அப்படி உருட்டியபோது ஒரு வளையத்தில் மயிரிழை விரிசல் தெரிந்தது. அந்தச் செயினில் சிவப்புத் துணி கட்டி, காயலான் கடைக்குப் போட ஷெட் மூலையில் ஒதுக்கினார். பதிலுக்கு வேறொன்று வாங்கினார்.

ஆயுத பூசைக்குப் போன நான் ஷெட்டைக் கழுவினேன். மூலையில் கிடந்த செயினின் அழுக்குத் துணியை அவிழ்த்து எறிந்தேன். மூன்று செயினுக்கும் சில்வர் பெயிண்ட் அடித்து, பொட்டு வைத்து, ஒரே ஆணியில் கொத்தாக மாட்டினேன். “அட, கல்யாணப் பொண்ணாட்டம் பண்ணிட்டியே!” என்று சிரித்த அண்ணன், கொத்தில் எத்தனை செயின் என்று எண்ணவில்லை. துணி எதற்கென்று நான் கேட்கவில்லை. ஊரையே கேள்வி கேட்கிற வாய் அன்று மூடிக் கிடந்தது.

மறுவாரம் சூளகிரி இறக்கத்தில் கொக்கி கழன்றது. ஒரு செயின் அறுந்தது. மற்றது ஒரு பக்கமாக இழுக்க, ஜீப் பள்ளத்தில் கவிழ்ந்தது.

மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அங்கேதான் அண்ணி, மூலையில் கிடந்த செயினை அவர் ஏன் ஒதுக்கினார் என்று என்னிடம் சொன்னார். அண்ணன் கண் விழித்தபோதெல்லாம் ஒரே கேள்வி: “உருட்டித்தானே பாத்தேன் பாப்பா... என் விரலு ஏமாந்துருச்சா?”

இல்லை, நான்தான் என்று சொல்ல மூன்று நாள் இருந்தது. சொல்லவில்லை. தன் கையே தன்னைக் கைவிட்டதாக நினைத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தார். பாவி நான்.

“ஊருக்கெல்லாம் செயின் பாக்கச் சொல்லிக் குடுத்தாரு, கடைசில தன்னுத பாக்கலியே” என்று சாவு வீட்டில் சிலர் பேசினீர்கள். இனி அப்படிப் பேசாதீர்கள். அவர் பார்த்தார். விரிசலை என் பெயிண்ட் மூடியிருந்தது.

பள்ளத்தில் இறங்கி அவரைத் தூக்கிய லாரி ஓட்டுநர்களுக்கும், ரத்தம் கொடுத்த பழைய கம்பெனித் தோழர்களுக்கும், பதினாறு நாளும் கூடவே இருந்த அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் நன்றி. அண்ணிக்கு நன்றி சொல்ல எனக்கு அருகதை இல்லை.

அச்சுக்குக் கொடுக்கும் முன் அவரிடம் இதைப் படித்துக் காட்டினேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டார்.

“அறுந்த செயினக் கொண்டாந்து போட்டப்பவே எனக்குத் தெரியும். விரிசலுக்குள்ள உன் சில்வர் பெயிண்ட் இருந்துச்சு” என்றார்.

“அப்ப ஏன் அண்ணி என்னக் கேக்கல?”

“நீயே அவருகிட்ட சொல்லுவேன்னு மூணு நாளும் உன் வாயையே பாத்துட்டு இருந்தேன்” என்றார். முறத்தைக் கீழே வைத்தார். “நானும் சொல்லல.”