விபத்து இல்லாத நாட்கள்

திருவொற்றியூரில் என் தம்பி வேலை பார்க்கும் தொழிற்சாலையின் வாசலில் ஒரு பலகை உண்டு. விபத்து இல்லாமல் கழிந்த நாட்களின் எண்ணிக்கையைக் காவலாளி தினமும் காலையில் மாற்றுவார். அது 312 என்று காட்டிய நாளில் தம்பியின் வலது ஆள்காட்டி விரல், தகடு அழுத்தும் பிரஸ்ஸில் நசுங்கியது.

மறுநாள் மாலை, கல்மண்டபம் பகுதியில் இருக்கும் அவன் வீட்டுக்குப் பாதுகாப்பு அதிகாரி ஆப்பிள் பையோடு வந்தார். நானும் இருந்தேன். மருத்துவச் செலவைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும், வீட்டுக் கதவில் விரல் மாட்டியது என்று மட்டும் எழுதிக் கொடுங்கள் என்றார்.

வாசல் கதவு உப்புக்காற்றில் இற்றுப்போய், ஆசாரியிடம் போயிருந்தது. தம்பி மனைவி அங்கே தொங்கிய பூப்போட்ட திரைச்சீலையைக் காட்டினாள்.

"எந்தக் கதவு சார்? ஸ்க்ரீன் தான் கீது. அதுல மாட்டினா நசுங்குமா?"

அதிகாரியும் சிரித்துவிட்டார். பாவம், அனுப்பப்பட்டவர்.

பத்திரிகையில் வணிகப் பக்கத்துக்கு வேலை பார்த்தவன் என்பதால் அந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் படித்திருந்தேன். நிர்வாக இயக்குநரின் போனஸில் ஒரு பகுதி அந்தப் பலகையின் எண்ணைப் பொறுத்தது. அத்தனை நாளும் மிஷினுக்குள் கையை விட்டு எடுத்தவர்களுக்கு, முந்நூறாவது நாளன்று ஆளுக்கொரு டிபன் பாக்ஸ் கிடைத்தது. இதை அதிகாரியின் முன்னாலேயே சொன்னேன்.

"பெர்சு எப்பனா மிஷின் ஷாப்புக்குள்ள வந்துகீறாரா சார்?" என்று நிர்வாக இயக்குநரைப் பற்றித் தம்பி கேட்டான்.

"ஆயுத பூஜைக்கு வருவாரேப்பா."

"பொரி துன்னத்தானே?"

அவனுடைய கவலை வேறு. விரல் மடங்காமலே போனால், வேலையில் நடந்த விபத்து என்று பதிவாகியிருந்தால்தான் ஈ.எஸ்.ஐ. உதவித்தொகை வரும்.

"வெரலு என்னுது சார். நடந்தத எழுதிக்கோங்க."

அதிகாரி எழுதினார். தம்பியால் பேனா பிடிக்க முடியவில்லை. ஐ.டி.ஐ. படித்தவன், இடது கட்டைவிரலை உருட்டி ரேகை வைத்தான். அதிகாரி டீ குடித்துவிட்டுக் கிளம்பினார். ஆப்பிளைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

பலகை பூஜ்யத்துக்கு வந்தது. பிரஸ்ஸுக்குத் தடுப்புக் கம்பி போட்டார்கள். தம்பி வேலைக்குத் திரும்பிய அன்று, "இன்னா மாமு, முந்நூறு நாள முட்டையாக்கிட்டியே" என்றார்களாம் கூட்டாளிகள்.

அடுத்த ஆண்டறிக்கையையும் படித்தேன். நிர்வாக இயக்குநருக்குப் போனஸ் முழுதாகவே கொடுத்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தம்பி வீட்டில் சாப்பிடும்போது அதைச் சொன்னேன்.

"அப்ப இன்னாத்துக்கு மாமா அந்தாளு அம்மாந்தூரம் ஆப்பிள் தூக்கினு வந்தாரு?" என்றாள் தம்பி மனைவி. "அதுவும் மாவாட்டம் இருந்துச்சு."

தம்பி நண்டுக் காலை உடைத்து, ஆள்காட்டி விரலால் சதையை நோண்டிக்கொண்டிருந்தான். அந்த விரல் இப்போது முக்கால்வாசி மடங்குகிறது. நண்டுக்கு அது போதும்.