நடுவில் நான் போட்ட புள்ளிகள்

டிரையரில் தேயிலைத் தூள் கருகிய செய்தி வந்தபோது நான் ஹட்டன் தோட்ட அலுவலகத்தில் பெருமையில் மிதந்துகொண்டிருந்தேன். எண்பதுகளின் தொடக்கம். தொழிற்சாலை டிரையரின் சூட்டை அரைமணிக்கு ஒருமுறை அளந்து பதியும் கருவி என் பொறுப்பில் இருந்தது.

அரைமணிக்கு ஒரு புள்ளி என்றால் கிராப் கரடுமுரடாக இருக்கும். தோட்ட மேனேஜரான துரைக்குப் பிடிக்காது. அதனால் அப்சாம்ப்ளிங் செய்தேன். இரண்டு ரீடிங்குக்கு நடுவே ஐந்து பூஜ்யங்களைச் செருகி, கம்ப்யூட்டரில் பில்டர் என்ற கணக்குமுறை வழியே அனுப்பினால், அவை அக்கம்பக்கத்து ரீடிங்குகளுக்குப் பொருந்தும் எண்களாகிவிடும். கோடு வழவழவென்று வந்தது. துரை மெச்சினார். நடுவிலிருப்பவை அளந்தவை அல்ல என்று நான் அவரிடம் சொல்லவில்லை. பாராட்டைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

டிரையரைப் பன்னிரண்டு வருடமாகப் பார்த்தவர் செபஸ்தியான். விசாரணையில் கைகட்டி நின்றார்.

"சூட்டுக்காத்த அடக்குற டேம்பர் இறுகிக்கிச்சுங்க தொர. பத்து நிமிஷம் சூடு மேல போயிருச்சு. எறக்குறதுக்குள்ள கருகிப்போச்சுங்க."

துரை என் கிராப்பை விரித்தார். "அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு ரீடிங் இருக்கு. சூடு ஏறவே இல்ல. நீதான் கவனிக்கல."

செபஸ்தியான் என்னைப் பார்த்தார். "ஐயா, அந்தக் கருவி அரமணிக்கு ஒருக்காதானுங்களே அளக்கும்?"

"கருவியில கோளாறு எதுவும் இல்லீங்க," என்றேன், துரையைப் பார்த்து. அது பொய்யில்லை. ஆனால் அவர் கேட்டதற்குப் பதிலும் இல்லை. என்ன ஒரு கோழைத்தனம்.

அவரை டிரையரிலிருந்து எடுத்து தேயிலைச் செடிகளுக்கு நடுவே மலை வேலைக்கு அனுப்பினார்கள். ஒப்பந்தப்படி இந்தியாவுக்குத் திரும்பிப் போகும் காகிதங்கள் அவர் குடும்பத்துக்கு எப்போதோ வந்திருந்தன. டிரையரை விட்டுப் போக மனமில்லாமல் தள்ளிப்போட்டு வந்தவர், இப்போது போகச் சம்மதித்துவிட்டார்.

மூன்று வாரம் கழித்து, இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர் டேம்பரைக் கழற்றினார். அதன் கீல் துருவேறி இறுகிக் கிடந்தது. நான் துரையிடம் ஓடி எல்லாவற்றையும் சொன்னேன்.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கணும்," என்றார் அவர்.

செபஸ்தியான் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் போனேன். அவருடைய காம்பரா அறையில் பூட்டு தொங்கியது. முந்தின நாளே தலவாக்கலையில் ரயிலேறிவிட்டதாகப் பக்கத்து வீட்டு அம்மா சொன்னார்.

அதன்பின் அளந்த புள்ளிகளைக் கறுப்பிலும், கணக்கில் வந்தவற்றைச் சிவப்பிலும் குறிப்பதை வழக்கமாக்கினேன். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இதுதான்: கருவி பார்க்காததை எந்தப் பில்டராலும் பார்த்துச் சொல்ல முடியாது. எனக்கு அது அன்றைக்கே தெரியும். செபஸ்தியான் கேட்டபோது "ஆமாம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.