மச்சான் செய்த தூண்

பட்டறையில் அவனுக்கு முசுடு என்று பெயர். கண்ணாடி இழையை நறுக்கி சிமெண்டுக் கூழோடு அச்சில் பீய்ச்சுவார்கள். காற்று தங்காமல் அதைக் கையுருளையால் அழுத்துவது அவன் வேலை. கையெல்லாம் ஓயாத அரிப்பு. யாராவது அச்சில் சாய்ந்தால் வள்ளென்று விழுவான். அவன் அழுத்தியெடுக்கும் பலகை விரல் கனம்தான், உள்ளே கம்பி கிடையாது. காற்று மழைக்கு அசையாது. பார்ப்பவர்கள் கருங்கல் என்பார்கள். அதில் அவனுக்குப் பெருமை உண்டு. வெளியே சொல்ல மாட்டான்.

தங்கை வீட்டுப் பால்கனியை ஓர் இரும்புக் குழாய் தாங்கி நின்றது. அசிங்கமாக இருக்கிறது என்றாள். குழாயைச் சுற்றி மூட, கல்தூண் போல இரண்டு பாதிகள் செய்து அனுப்பினான்.

ஞாயிற்றுக்கிழமை போனபோது தூண் நின்றது. குழாய் சுவரோரம் கிடந்தது.

"இது ஏன் இங்க கிடக்கு?"

"வெட்டி எடுத்துட்டேன் மச்சான்," என்றார் தங்கை கணவர். "உங்க தூண் யானை மாதிரி நிக்குது. இந்தத் துருப்பிடிச்சது எதுக்கு?"

மேலே பார்த்தான். பால்கனி சுவரோடு சேரும் இடத்தில் புது விரிசல். கீழே தங்கை மகள் தூணில் சாய்ந்து விளையாடிக்கொண்டிருந்தாள். அவளை வாரிக்கொண்டுபோய்த் தெருவில் நிறுத்தினான். பூச்சு வேலைக்காரர்கள் விட்டுப்போன கம்புகளை இழுத்துவந்து பால்கனிக்கு முட்டுக் கொடுத்தான்.

"கல்தூணுக்குக் கம்பு முட்டா? தெருவே சிரிக்கும் மச்சான்."

"அறிவிருக்கா மாப்ள? அது தூண் இல்ல, தூணுக்குப் போட்ட சட்டை! சட்டையை நிக்கவெச்சு மாடியைத் தூக்கச் சொல்றீங்க!"

சுத்தியலை எடுத்து ஓங்கி அடித்தான். தூண் கீறல் விட்டது, உடையவில்லை. இழைகள் விடாமல் பிடித்துக்கொண்டன. மறுபடி அடித்தான். அதே கதை.

"பாத்தீங்களா? செஞ்ச உங்களாலேயே உடைக்க முடியல!"

தன் கைவேலை மேல் அவனுக்கு அவ்வளவு ஆத்திரம் வந்ததே இல்லை. ஒரே இடத்தில் அடித்தான். இழையில் தொங்கிய சில்லை வெறுங்கையால் பிய்த்தான். கை நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்தது. விரலில் ரத்தம்.

சத்தம் கேட்டுத் தங்கை ஓடிவந்தாள்.

"கைய உள்ள விடு," என்றான் அவளிடம்.

விட்டாள். தோள்வரை போனது. துழாவினாள்.

"ஒண்ணுமே இல்லையேண்ணே."

"ஓட்டைய அடைச்சிடலாம்ல மச்சான்?" என்றார் கணவர்.

தங்கை கையை உருவிக்கொண்டு தெருவுக்குப் போய் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

"குழாய் திரும்ப நிக்கிறவரைக்கும் நாங்க அண்ணன் வீட்ல இருக்கோம். நீங்க உங்க யானையோட குடும்பம் நடத்துங்க."